மொதல்ல கார்டு, அப்பறம்தான் லேப்டாப்பு

அந்த ஒயரை மிதிச்சராத கண்ணு! பார்த்து வா. அதா, ரிப்பன் மாதிரி பட்டையாக் கிடக்குதே, அதுதான். அது அத்துப் போச்சுன்னா உன் கல்யாணமே போச்சு. அப்படியே சுவத்தோரமா வந்து அந்தச் சேர்ல உக்காரு. சேர் மேல இருக்கற துணியை எடுத்துக் கட்டில்ல போட்டுக்க. ஆள் வராத ஊடு, அதான் சேர்லயெல்லாம் துணி கிடக்குது.

இப்பத்தான் கரண்டு வந்துச்சு. காத்தால ஒம்பது மணிக்கு நிறுத்தினவன், மூணு மணிக்குக் குடுக்கறான். இரு, ஆன் பண்றேன். இதுக்கு ஒரு முறை இருக்குது. எடுத்த எடுப்புல லேப்டாப்பைத் தட்டக் கூடாது. மொதல்ல இந்தக் கருப்புப் பெட்டி, பவர் சப்ளை. இதைப் போட்டா கார்டுக்குக் கரண்டு போகும். ஃபேன் ரெண்டும் சுத்தும். சுத்துதா? ஆங். இப்பத்தான் லேப்டாப்பு.

மாத்திப் போட்டா வெடிச்சரும்னெல்லாம் பயப்படாத. லேப்டாப்பு எந்திரிச்ச ஒடனே ஒரே ஒரு தடவை சுத்துமுத்தும் பார்க்கும், யார் யார் வந்திருக்காங்கன்னு. அந்நேரத்துக்குக் கார்டு முழிச்சிருக்கணும். இல்லீன்னா, யாரும் வரலைன்னு முடிவு பண்ணிக்கும். அப்பறம் கார்டு வந்து ஃபேனைச் சுத்திக்கிட்டு நாள் பூரா நின்னாலும் திரும்பிப் பார்க்காது. அத்தனை வீம்பு அதுக்கு. ரெண்டையும் அணைச்சுட்டு மறுபடியும் மொதல்ல இருந்து வந்தாத்தான் உண்டு. இது தெரியவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

இது திறந்து வரப் பத்து நிமிசம் ஆகும். பழைய லேப்டாப்பு, என்ற தங்கச்சி வினோதினி காலேஜ் படிக்கறப்ப வாங்கினது. அதுவரைக்கும் சித்த நேரம் பழமை பேசலாம். உனக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே? பஸ்ஸு பொழுதோட வரைக்கும் இருக்குது.

என்ன அப்படிப் பார்க்கற? கார்டு கீழ இருக்கற பலகையையா? மணைதான். கல்யாணத்துல மாப்பிள்ளையும் பொண்ணும் உக்கார்ற மணை. என்ற கல்யாணத்துது. வெறுந்தரையில வெச்சா தூசி ஏறுது, அதான் கார்டைத் தூக்கி அதுமேல உக்கார வெச்சிருக்கேன். கீழ்வீட்டு அம்மா ஃபேன் சத்தத்தைக் கேட்டுட்டு, ரொம்ப நாளா நான் மேல கிரைண்டர் போடறேன்னே நெனச்சுட்டு இருந்துச்சு. ஒரு நாள் கிண்ணத்தோட மாவு கேட்டே வந்துருச்சு.

நீ படிச்ச புள்ள, உனக்கே தெரியும், இது பெரிய கம்ப்யூட்டர்ல கேபினெட்டுக்குள்ள இருக்க வேண்டிய கிராபிக்ஸ் கார்டு. இப்படி அம்மணமா வெளிய உக்கார்ற சாமான் இல்ல. இது என்ற சீரு கண்ணு. சிரிக்காத, நெசமாத்தான். கட்டில், பீரோ, குத்துவிளக்கு, அண்டா, குண்டா, அப்பறம் ஒரு கிராபிக்ஸ் கார்டு. கல்யாணத்துல குடுத்த சீரு இல்ல. பிரிஞ்சப்பத் திரும்பி வந்த சீரு.

அந்தியூர்ல எங்க ஸ்டுடியோ. எங்கூட்டுக்காரரு கேமரா, நான் எடிட்டிங். பதிமூணு வருசம். நாலு வருசம் முந்தி புதுக் கேமரா வாங்கினாரு. அது எடுக்கற ஃபைலை எங்க கம்ப்யூட்டர் தாங்கல, தாலி கட்டறதுக்குள்ள நாலு தடவை நின்னு போகும். அப்ப எங்கம்மா போட்ட சங்கிலியைக் குடுத்துத்தான் இந்தக் கார்டை வாங்கி உள்ள மாட்டினோம். பிரியறப்ப எங்க பெரியப்பாதான் நாயம் பேச வந்தாரு. நோட்டை வெச்சுட்டுச் சீர் சாமானை ஒவ்வொண்ணாச் சரி பார்த்துட்டே வந்தவரு, சங்கிலிகிட்ட நின்னுட்டாரு. "சங்கிலி எங்கீங் மாப்ள?"ன்னாரு. "அதைப் போட்டுத்தானுங் அந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு கார்டு வாங்கினோம்"னு அவரு சொன்னாரு. "அப்ப அது பொண்ணூட்டுச் சாமான். கழட்டுங்க"ன்னுட்டாரு பெரியப்பா. கார்டுன்னா என்னன்னே பெரியப்பாவுக்குத் தெரியாது. சோப்பு டப்பா அளவுக்கு இருக்கும்னு நெனச்சிருப்பாரு. வெளிய எடுத்ததும், "இத்தா பெருசா?"ன்னு அவரே மலைச்சுப் போனாரு.

இதைக் கழட்டினா ரெண்டு பேருக்குமே பொழப்பு இல்லைன்னு எங்கூட்டுக்காரரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கார்டு இல்லாத கம்ப்யூட்டரை வெச்சு அவரு என்ன பண்ணுவாரு? கம்ப்யூட்டர் இல்லாத கார்டை வெச்சு நான் என்ன பண்ணுவேன்? சொல்லல மனுசன். நான் சொல்லியிருக்கலாமேங்கறியா? நான் எதுக்குச் சொல்லணும்? அவரே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டு வந்தாரு. நிதானமாக் கழட்டினாரு. பிரஷ்ஷை வெச்சுத் தூசியைத் தட்டினாரு. அது வாங்கினப்ப வந்த அட்டை டப்பாவைக் கூட பரண் மேல பத்திரமா வெச்சிருந்தாரு. அதுல வெச்சு என்ற கையில குடுத்தாரு. "மேல கையை வெக்காத கோதை, ஓரத்தைப் புடிச்சுத் தூக்கு"ன்னாரு. அதுதான் கண்ணு கடைசியா என்கிட்டப் பேசின பேச்சு. மாசி மாசம். ஒருத்தன் பொண்டாட்டியைத் தாட்டி அனுப்பறப்பச் சொல்ற பேச்சா இது, நீயே சொல்லு.

எதுக்குப் பிரிஞ்சீங்கன்னு நீ கேக்கல. கேட்டாலும் தப்பில்ல. தை மாசம் வினோதினிக்குக் கல்யாணம். எங்கப்பன் என்ற கல்யாணத்துக்கு முந்தியே போய்ச் சேர்ந்தவரு. மூத்த மாப்பிள்ளைதான் முன்னால நின்னு எல்லாம் பார்க்கணும். அதே முகூர்த்தத்துல இவரு கோயமுத்தூர்ல ஒரு பெரிய கல்யாணத்தை ஒத்துக்கிட்டாரு. "வாக்குக் குடுத்துட்டேன் கோதை"ங்கறாரு. எனக்கு வேற ஒரு கேமராக்காரனை அனுப்பி வெக்கறாராம். மண்டபத்துல வந்த ஒறம்பரை அத்தனை பேரும் "பெரிய மாப்பிள்ளை எங்க, பெரிய மாப்பிள்ளை எங்க"ன்னு என்னைத்தான் கேட்டாங்க. கேட்டவங்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு.

கல்யாணம் முடிஞ்சு நான் அந்தியூர் போகல. இங்க பவானிலயே அம்மா ஊட்டுல இருந்துட்டேன். வந்து கூப்பிடட்டும்னு பத்து நாள் பார்த்தேன். பைக் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுவேன், அத்தனை கேவலம். வரல. பதினொண்ணாம் நாள் பழப்பையோட வந்து நிக்கறாரு. அதுக்குள்ள நான் முடிவு பண்ணிட்டேன் கண்ணு. உள்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாருன்னு அம்மா சொல்லுச்சு. பத்து நாள் வராத மனுசன் பதினொண்ணாம் நாள் மட்டும் எதுக்கு வரணும்? அப்பறம் பெரியப்பா வந்தாரு, நோட்டு வந்துச்சு, கார்டு வந்துச்சு.

அம்மாவும் பங்குனில வினோதினி கூடத் திருப்பூர் போயிருச்சு. நான் இந்த மாடி ரூமுக்கு வந்தேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் எடிட்டிங். அந்த லேப்டாப்புல ரெண்டு நிமிசப் படத்தை வெட்டறதுக்குள்ள டீ போட்டுக் குடிச்சு டம்ளரைக் கழுவி வெச்சரலாம். கார்டு டப்பா பீரோ மேல சும்மா உக்காந்திருந்துச்சு.

அப்பத்தான் மாரப்பண்ணன் வந்தாரு. மேட்டூர் ரோட்டுல ஃபோட்டோ ஃப்ரேம் கடை வெச்சிருக்காரே, உனக்கு இந்த அட்ரஸ் குடுத்தவரு, அவருதான். ஒரு பார்சலைக் கொண்டாந்து, "இப்படி ஒரு பலகை இருக்குதாம்மா, இதுல கார்டை நிக்க வெச்சு லேப்டாப்புக்கு ஒயர் இழுத்துக்கலாமாம்"ன்னாரு. எனக்கு ஆச்சரியம்னா ஆச்சரியம். அந்த மனுசனுக்குக் கண்ணாடி அறுக்கறதும் ஆணி அடிக்கறதும் தவிர ஒண்ணும் தெரியாதுன்னு இத்தனை வருசமா நெனச்சிருந்தேன். ஆளை வெளிய பார்த்து எதையும் சொல்ல முடியாது கண்ணு. எத்தனை மூளைங்கற!

லேப்டாப்போட அடிமூடியைக் கழட்டினா உள்ள வைஃபைக்குன்னு ஒரு துண்டு இருக்கும், தபால்தலை அளவுதான். அதை உருவிட்டு அந்த எடத்துலதான் இந்தப் பட்டை ஒயரைச் சொருகணும். இதுக்குன்னு வேற எடமே இல்ல. கார்டு வேணும்னா வைஃபை கிடையாது, வைஃபை வேணும்னா கார்டு கிடையாது. உருவினேன். அன்னிக்கு இருந்து இதுக்கு நெட்டு இல்ல. நல்லதுதான், வேலை கெடாது.

எப்படிச் செய்யணும்னு மாரப்பண்ணன் ஃபோன்லயே சொல்லிக் குடுத்தாரு. "அந்த ரெண்டு பொடி ஒயரை இழுக்காத, மேல தூக்கு." நிறுத்துவாரு. "கார்டு கிளிக்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கு." நிறுத்துவாரு. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல அரை நிமிசம் ஆகும். பாவம், மூச்சு வாங்குது போல, வயசாச்சுல்ல. நடுவுல யாரோ தொண்டையைச் செருமுவாங்க. கடைன்னா ஆள் இருக்கத்தானே செய்யும். பெட்டியை மொதல்ல போடணும்னு ஒரு வாரம் கழிச்சுக் கடைசில அவருதான் சொன்னாரு. "கார்டு மொதல்ல முழிக்கணுமாம்மா, அப்பறம்தான் லேப்டாப்பு."

அதுக்கப்பறமும் வேலை செஞ்சுருச்சா? இல்ல. கார்டு இருக்குதுன்னு லேப்டாப்பு ஒத்துக்கிட்டது, ஆனா பேருக்குப் பக்கத்துல ஒரு மஞ்சள் முக்கோணத்தைப் போட்டுருச்சு. வந்திருக்கற, ஆனா உன்னைச் சேர்த்துக்க மாட்டேன்னு அர்த்தம். பதினாறு நாள் அந்த முக்கோணத்தைப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன். கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி விரல் நகமெல்லாம் தேஞ்சு போச்சு. அந்தப் பதினாறு நாள்ல நான் வாயைத் திறந்து பேசினது இந்தக் கார்டுகிட்டத்தான். "ஏன் இப்படிப் பண்ற, உனக்கு என்ன குறை வெச்சேன்"னு கேப்பேன். பைத்தியம்னு நெனச்சுக்காத. பேச ஆள் இல்லாத ஊட்டுல எதுகிட்டயாச்சும் பேசித்தான் ஆகணும்.

மறுபடியும் மாரப்பண்ணன்தான் ஒரு பென்டிரைவ் கொண்டாந்தாரு. அதுல இருந்ததை ஏத்தினேன். அணைச்சேன். பெட்டியைப் போட்டேன், லேப்டாப்பைப் போட்டேன். முக்கோணம் போயிருச்சு. படம் வழுக்கிட்டு ஓடுது! சந்தோசத்துல திரும்பி, "இங்க பாருங்க"ன்னேன் கண்ணு. திரும்பிப் பார்த்தா பீரோ நிக்குது. என்ற வாய்க்கு அந்தப் பழக்கம் இன்னும் போகல. அன்னிக்கு அழுதேன். ஜெயிச்ச அன்னிக்குத்தான் அழுதேன், அந்தப் பதினாறு நாள்ல அழுகல.

இப்பவெல்லாம் வேலை இல்லைன்னாலும் பெட்டியைப் போட்டு விட்டிருவேன். ஃபேன் சும்மா சுத்தட்டும். ஊட்டுல இன்னொரு ஆள் இருக்கற மாதிரி இருக்கும்.

வேலைன்னதும் ஞாபகம் வருது. வைகாசி, ஆனியில மாரப்பண்ணன் ஏழு கல்யாணம் அனுப்பினாரு, உன்னுதையும் சேர்த்து. ஹார்டு டிஸ்க்குல போட்டு அவரே கொண்டாருவாரு. "ஒரு அந்தியூர் பார்ட்டிம்மா, எடிட்டிங் வெளிய குடுக்கறாரு"ம்பாரு. மொதல் டிஸ்க்கைத் திறந்து ஒரு நிமிசம் ஓட்டினேன், எனக்குத் தெரிஞ்சு போச்சு. யாருன்னு சொல்லட்டுமா? உன் கல்யாணத்துக்கு வந்த கேமராக்காரரு இருக்காருல்ல, அவருதான் எங்கூட்டுக்காரரு.

அதுக்கு எதுக்கு எந்திரிக்கற? உக்காரு, உக்காரு. பதிமூணு வருசம் ஒருத்தரு கண்ணு வழியாவே உலகத்தைப் பார்த்திருக்கேன், தெரியாமப் போகுமா? எல்லாரும் தாலி கட்டறப்ப முகத்தை எடுப்பாங்க. இவரு ஒரு நொடி கீழ எறங்கிப் பொண்ணோட விரலைப் பார்ப்பாரு, புடவை நுனியைப் புடிச்சு முறுக்கிட்டு இருக்கும். அது இவரு மட்டும்தான். நான்தான் எடிட்டிங் பண்றேன்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா குடுப்பாரா? ரோசக்காரரு. மாரப்பண்ணன்கிட்ட நான் கண்டிசனாச் சொல்லியிருக்கேன், எடிட்டர் யாருன்னு அந்தப் பார்ட்டிக்குத் தெரியக் கூடாதுன்னு. அவரும் தலையாட்டினாரு.

எனக்கும் அவருக்கும் பேச்சு இல்ல. அதனால அவரு படத்தை வெட்டுவேன், சத்தத்தை மட்டும் கேக்க மாட்டேன். டிஸ்க்கைப் போட்ட ஒடனே மொத வேலை, கேமராச் சத்தத்தை ஒட்டுமொத்தமா மூடிருவேன். கல்யாண வீடியோவுக்குப் பாட்டுதானே போடப் போறோம், மேளச்சத்தம் தனியா இருக்குது. எதுக்குன்னா, அவருக்கு ஒரு பழக்கம். எடுக்கறப்பவே கேமராகிட்ட மெதுவாப் பேசுவாரு. எனக்குக் குறிப்பு. "கோதை, இந்த மாமா குடிச்சிருக்காரு, வெட்டிரு." "கோதை, இந்தம்மா ஒரே சீலையை நாலு பேர்கிட்டக் காட்டுது, ஒண்ணு மட்டும் வெய்யி." மண்டபத்துல இருக்கற ஒருத்தருக்கும் கேக்காது. நான் ஊட்டுல ஹெட்ஃபோனை மாட்டிட்டுத் தனியாச் சிரிப்பேன். இப்ப அந்த எடத்துல என்ன சொல்லுவாரு? ஒண்ணும் சொல்லாம இருப்பாரு. இல்லீன்னா வேற யாரு பேரையாச்சும் சொல்லுவாரு. ரெண்டுல எதைக் கேக்கவும் எனக்குத் தெம்பு இல்ல கண்ணு. அதான் மூடிருவேன். வேலை முடிஞ்சா டிஸ்க்கைத் துடைச்சுத் திருப்பிக் குடுத்துருவேன், அதுலயே அடுத்த கல்யாணம் வரும்.

உன் கல்யாணம்தான் கடைசி, ஆனி மாசக் கடைசி முகூர்த்தம். ஆடிப் பதினெட்டு அன்னிக்குக் கூட அதைத்தான் வெட்டிட்டு இருந்தேன். ஊரே கூடுதுறைக்குப் போகுது, கீழ்வீட்டு அம்மா வந்து கூப்பிட்டுச்சு. நான் போகல. தாலிக்கயிறு மாத்தற நாளு, தனியாப் போய் ஆத்துல நின்னா நாலு பேரு நாலு கேப்பாங்க. வருசா வருசம் நாங்க ரெண்டு பேரும்தான் போவோம், படித்துறையில ஒரு எடம் இருக்குது, அங்கதான் உக்காந்து கட்டுச்சோறு திம்போம். இந்த வருசம் ஒரு ஃபோன் பண்ணியிருப்பாரா? ஆத்துப் பக்கம் போனியா கோதைன்னு ஒரு வார்த்தை கேட்டாரா? பொழுதுக்கும் ஃபோனைப் பக்கத்துல வெச்சுட்டே உன் சீர்வரிசையை வெட்டினேன்.

ஆடி முடிஞ்சு ஆவணி வந்துருச்சு, எத்தனை முகூர்த்தம்! ஒரு டிஸ்க்கு வரல. உன் டிஸ்க்கையும் யாரும் திருப்பிக் கேக்கல, அதான் துடைக்காமக் கிடக்குது. மாரப்பண்ணனைக் கேட்டா, "அந்தப் பார்ட்டி நிறுத்திட்டாரும்மா"ங்கறாரு. ஏன்னு கேட்டா கண்ணாடியைத் தொடைக்கறாரு. என்ற வேலை புடிக்கல போல. போகட்டும், ஊர்ல இவரு ஒருத்தருதான் கேமராக்காரரா?

ஆங், திறந்துருச்சு. இந்தா உன் கல்யாணம். நீ கேட்டது எந்த எடம்? நீ கிளம்பறப்ப உங்கப்பா கார்க் கதவைப் புடிச்சுட்டு மாப்பிள்ளைகிட்ட என்னமோ சொன்னாரே, அந்த வார்த்தை வேணுங்கற. பாட்டுல அமுங்கிப் போச்சு. ஊட்டுல வாயே திறக்காத மனுசரு, அன்னிக்குப் பேசினாரு, அது உனக்கு வேணும். நியாயம்தான் கண்ணு. ஆனா அதுக்குக் கேமராச் சத்தத்தைத் திறக்கணும்.

சரி, திறக்கறேன். உனக்காக. அந்த ஒரு எடத்துல மட்டும்.

கேட்டியா, உங்கப்பா குரலு. எத்தனை தணிவாப் பேசறாரு. "மாப்ள, இவளுக்குக் கோவம் வந்தாப் பேச மாட்டா. ஆனா நீங்க வருவீங்கன்னு பார்த்துட்டேதான் இருப்பா. நாள் தள்ளாதீங்க, போய் மொதல்ல பேசிருங்க." அழுகாத கண்ணு. உங்கப்பா உன்னை நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்காரு. அழுகா...

இரு.

இரு, பின்னால தள்ளறேன். உங்கப்பா முடிச்சப்பறம் யாரோ பேசினாங்கல்ல? மெதுவா. கேமராவுக்குப் பக்கத்துல. நீயும் கேட்டதானே?

"எனக்கு இதைச் சொல்ல மாமனாரு இல்லாமப் போயிட்டாரே கோதை."

கோதைன்னாரு.

என்ற பேரு பூங்கோதை. ஆனா கோதைன்னு கூப்பிடறவரு ஒருத்தருதான். அப்ப அவருக்குத் தெரியும். நான்தான் வெட்டறேன்னு தெரியும். தெரிஞ்சேதான் டிஸ்க்கைக் குடுத்திருக்காரு.

மொதல்ல இருந்து ஓட்டறேன். நீ தண்ணி குடி. பொறுத்துக்க.

இங்க, நலங்குல. "கோதை, லைட்டு போயிருச்சு, மொகம் கருப்பா விழும், சித்த ஏத்திக்க." இங்க பந்தியில. "சாப்பாடு ஜாஸ்தி எடுத்துட்டேன், உனக்குப் புடிக்காது, வெட்டிரு." இது தாலி கட்டறதுக்கு முந்தி, எல்லாரும் அய்யரைப் பார்த்துட்டு இருக்காங்க, இவரு மட்டும் பேசிட்டு இருக்காரு. "கோதை, கார்டை மணை மேல வெச்சிருக்கறயாம், மாரப்பண்ணன் சொன்னாரு. நல்ல எடம். ஃபேன்ல முந்தானை சிக்கிக்கப் போகுது, பார்த்து."

மாரப்பண்ணன். நிறுத்தி நிறுத்திப் பேசினாரே. தொண்டையைச் செருமினாங்களே. அந்தப் பென்டிரைவ், அந்தப் பலகை, எல்லாமே பின்னால இருந்து இவரு செஞ்சது. எத்தனை மூளைன்னு நான் உன்கிட்டப் பெருமை பேசிட்டு இருக்கேன்.

இன்னும் இருக்குது. கடைசி ஃபைலு. நீங்க எல்லாரும் போனப்பறம் எடுத்திருக்காரு, காலி மண்டபம். இதை நான் பார்த்தேன், கேமராவை அணைக்க மறந்துட்டாருன்னு நெனச்சு அப்படியே ஒதுக்கி வெச்சுட்டேன். சேரை அடுக்கறாங்க. யாரும் இல்ல. சொல்றாரு. நீயும் கேளு கண்ணு, எனக்குத் தனியாக் கேக்க முடியல.

"கோதை. ஏழு கல்யாணமாச் சொல்லிட்டு இருக்கேன், நீ ஒண்ணுக்கும் பதில் சொல்லல. கேக்கறயா இல்லையான்னும் தெரியல. நான் பண்ணுனது தப்பு. அன்னிக்கு உங்க மண்டபத்துல நின்னிருக்கணும். வர்ற ஆடிப் பதினெட்டு, கூடுதுறையில நம்ம எடத்துல காத்தால இருந்து இருப்பேன். நீ வா. வந்து திட்டு. வரலீன்னா, உனக்கு வேண்டாம்னு நான் புரிஞ்சுக்கறேன். அதுக்கப்பறம் தொந்தரவு பண்ண மாட்டேன்."

இன்னிக்குத் தேதி என்ன கண்ணு?

ஆவணி இருபத்தி ரெண்டு. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு.

இங்க இருந்து கூடுதுறை நடந்தாப் பத்து நிமிசம். அன்னிக்கு அவரு அங்க உக்காந்திருக்காரு. நான் இங்க உக்காந்து, இதே டிஸ்க்கை, சத்தத்தை மூடிட்டு, ஒரு ஃபோன் கூடப் பண்ணலையேன்னு அந்த மனுசனைத் திட்டிட்டு இருக்கேன். காத்தால இருந்துன்னா, ராத்திரி வரைக்கும் இருந்திருப்பாரு. அவரு அப்படித்தான். கட்டுச்சோறு யாரு கட்டிக் குடுத்தாங்க? புளியோதரை அவருக்குச் செய்யத் தெரியாது.

முந்தின ஆறு கல்யாணத்துலயும் பேசியிருக்காரு. ஆறையும் என்ற கையாலயே துடைச்சுட்டேன் கண்ணு. அவருகிட்டயும் இருக்காது, மெமரி கார்டைத் துடைச்சாத்தான் அவருக்கு அடுத்த கல்யாணம். என்னென்ன சொன்னாரோ. இனி ஒருத்தருக்கும் தெரியாது.

இல்ல, நான் அழுகல. ஒண்ணு கேக்கறேன், சொல்லு. உன் கல்யாணத்துல அவரு எப்படி இருந்தாரு? எளைச்சிருந்தாரா? பந்தியில உக்காந்து சாப்பிட்டதைப் பார்த்தியா? அவருக்கு வயித்துப் புண்ணு, நேரத்துக்குச் சாப்பிடணும். பார்க்கலையா? ஆமா, நீ எங்க பார்த்திருப்ப. பொண்ணு யாராச்சும் கேமராக்காரரைப் பார்ப்பாளா. நானும் இத்தனை மணி நேரம் அவரு எடுத்ததைப் பார்த்திருக்கேன், அவரு மொகம் ஒரு எடத்துலயும் இல்ல. எங்க கல்யாணத்துலயே பாதி நேரம் அவருதான் எடுத்துட்டு இருந்தாரு.

உன் ஃபோன்ல அவரு நம்பரு இருக்கும்ல? என்ற ஃபோன்ல இருந்து வேண்டாம். பேரைப் பார்த்துட்டு எடுக்காமப் போயிட்டா எனக்குத் தாங்காது. நீ பேசு. வீடியோ விசயமாப் பேசறேன்னு சொல்லு. எடிட்டர் சத்தத்தை மூடியே வெச்சிருந்தாங்களாம், இன்னிக்குத்தான் திறந்தாங்களாம், கடைசி ஃபைலு வரைக்கும் கேட்டுட்டாங்களாம்னு சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்லாத. இல்ல, சொல்லு. வேண்டாம், அவரு கேட்டாச் சொல்லு.

போகுதா? ரிங்கு போகுதா?

ஸ்பீக்கர்ல போடு கண்ணு. இரு, அந்தப் பெட்டியை அணைச்சர்றேன், ஃபேன் சத்தத்துல அவரு பேசறது கேக்காமப் போயிரும். எடுத்தாருன்னா, மத்ததெல்லாம் அப்பறம். சாப்டீங்களான்னு மொதல்ல கேளு. நீ கேக்கற மாதிரி கேளு.